செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் டிரையரை வீட்டிலேயே பழுது பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒருவர் "டிரையர் ஓடவில்லை" என்று சொன்னால், அவர் சூடான காற்றால் துணியை உலர்த்தும் தனி இயந்திரத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில், துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் துணியைச் சுழற்றிப் பிழியும் சிறிய தொட்டியைத்தான் அவர் குறிப்பிடுகிறார். இந்த வழிகாட்டியும் அதைப் பற்றியதே. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பனி மூட்டம் நண்பகல் வரை விலகாதபோது, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை மறுநாள் காலைக்குள் காய்வது இந்தத் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறது.

காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், இரண்டு ஆண்டுகளில் இரண்டு டிரையர் மோட்டார்களை மாற்றினோம். மூன்றாவது முறை நானே பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, மோட்டாரின் தலையில் வெள்ளை உப்பும் செந்துருவும் படிந்து கிடந்தன. மேலேயுள்ள ஒரு ரப்பர் சீல் கிழிந்து, ஒவ்வொரு துவைப்பிலும் சோப்புத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரை மாற்றிய இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி நானும் கேட்கவில்லை. ஆகவே, எந்தப் பாகம் கெட்டது என்பதோடு நிற்காமல், அதைக் கெடுத்தது எது என்பதையும் கண்டுபிடிக்கும் முறையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

டிரையர் எப்படி இயங்குகிறது

துவைக்கும் தொட்டிக்கு ஒரு மோட்டார், டிரையருக்குத் தனியாக இன்னொரு மோட்டார் என்று இவ்வகை இயந்திரத்தில் இரண்டு மோட்டார்கள் உள்ளன. டிரையர் மோட்டார், ரப்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த மூன்று தாங்கிகளின் மேல், தொட்டிக்கு நேர் கீழே நிற்கிறது. அதன் தண்டில், மேல்தண்டை இணைக்கும் கப்ளிங் பொருத்தப்பட்டிருக்கிறது; அதைச் சுற்றி ஒரு பிரேக் உள்ளது. கப்ளிங்கிலிருந்து மேலே செல்லும் தண்டு, வெளித்தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் சீல் வழியாக ஏறி, துளைகள் உள்ள உள்கூடையைச் சுழற்றுகிறது. மூடியை மூடும்போது இரண்டு செயல்கள் ஒருசேர நடக்கின்றன: ஒரு கம்பி இழுபட்டு பிரேக் விடுபடுகிறது; மூடிக்கு அடியிலுள்ள சுவிட்ச் மின்சாரத்தை இணைக்கிறது. மூடியைத் திறந்தால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஸ்பிரிங்கின் விசையால் பிரேக் கப்ளிங்கைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு ஏன் இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூடை நிமிடத்துக்கு 1,300 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 59 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒட்டியிருக்கும் ஈரத்துணி தன் எடையைப் போல் 200 மடங்குக்கும் மேலான விசையுடன் சுவரை அழுத்துகிறது. எனவே மூடி சுவிட்ச் கெட்டுப்போனால் அதன் இரண்டு ஒயர்களையும் நேரடியாக முறுக்கி இணைத்துவிடும் வழக்கத்தை ஒருபோதும் பின்பற்ற வேண்டாம். யார் செய்து தந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அந்த இணைப்பு ஒரு கையையே பறித்துவிடக்கூடியது.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதையும் வடித்து, இயந்திரத்தை ஈரமில்லாத தரைக்கு நகர்த்துங்கள். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். ஸ்டார் ஸ்குரூடிரைவர், 10 எண் ஸ்பேனர், நுனி கூர்மையான குறடு, மல்டிமீட்டர், ஹோல்டரோடு இரண்டு ஒயர் இணைத்த ஒரு பழைய குண்டு பல்பு, பழந்துணி ஆகியவை தேவை. கழற்றும் ஒவ்வோர் இணைப்பையும் கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒயர்களின் நிறம் நினைவில் இருக்கும் என்று நம்பி நான் ஒருமுறை அரை நாளை இழந்திருக்கிறேன்.

எர்த்தையும் இப்போதே சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் 750 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் வைத்து, சாக்கெட்டின் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் அளவுக்கு நெருக்கமாக வர வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் எர்த் சரியில்லை. நம் பகுதியின் பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி வறண்டுபோவது வழக்கமானது. அதைச் சீர்செய்யாமல் தண்ணீர் புழங்கும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. சாக்கெட்டில் அளக்கத் தயக்கமாக இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து இதை மட்டுமாவது செய்துகொள்ளுங்கள்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

பழுதை அடையாளம் காண்பதில் பாதி வேலையைக் காதே செய்துவிடும். கூடையை வெறுமையாக வைத்து, மூடியை மூடி, டைமரைத் திருப்புங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவில்லை அல்லது மோட்டாரின் சுற்று (உள்ளேயுள்ள கம்பிச் சுருள்) அறுந்துவிட்டது. துவைக்கும் பக்கம் வழக்கம்போல ஓடினால் பிளக்கையும் மின் இணைப்பையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. டைமர், மூடி சுவிட்ச், ஒயர், மோட்டார் ஆகிய நான்கில் ஒன்று. "ம்ம்" என்று உறுமிவிட்டுக் கூடை சுழலாமல் நின்றால், கண்டன்சர், இறுகிய பிரேக், சிக்கிய துணி என்ற மூன்றையும் பாருங்கள். உறுமல் கேட்டவுடன் டைமரைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். சுழலாத மோட்டார் சூடேறி, சற்று நேரத்தில் கருகிவிடும்.

மெதுவாகச் சுழன்றால், பின்பக்க மூடியைத் திறக்காமலேயே பார்க்கக்கூடிய மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது மின்னழுத்தம். வயலில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் சில கிராமங்களில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 180 வோல்ட்தான் இருக்கும். இவ்வகை மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், அந்நேரத்தில் மோட்டாருக்குத் தன் பலத்தில் ஏறத்தாழ 61 சதவீதம்தான் கிடைக்கிறது. பம்புசெட் நின்ற பிறகு மீண்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே திறக்க நினையுங்கள். இரண்டாவது, வடிகுழாய். அது மடங்கியோ, வாசற்படியைத் தாண்ட உயர்த்தப்பட்டோ இருந்தால் வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்கி, கூடை தண்ணீருக்குள் உழன்றுகொண்டிருக்கும். துவைக்கும் தொட்டியை வடிக்கும் அதே நேரத்தில் டிரையரை ஓட்டினாலும் சில மாடல்களில் இது நேரும். மூன்றாவது, கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே விழுந்துவிட்ட கைக்குட்டை அல்லது காலுறை. துணியின் மேல் வைக்க வேண்டிய துளைத் தட்டை வைக்காமல் ஓட்டும் வீடுகளில் இதுவே மிகப் பொதுவான பழுது. வளைந்த கம்பியால் கூடையின் சுவரை ஒட்டித் துழாவினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

அதிர்ந்து ஆடினால், துணியை வெளியே எடுத்து ஓரங்களில் சமமாகச் சுற்றி அடுக்கி மீண்டும் ஓட்டுங்கள். ஒற்றைப் போர்வையை ஒரு பக்கமாகத் திணித்தால் எந்த டிரையரும் ஆடும். வெறுமையாக ஓட்டும்போதும் ஆடினால் தாங்கிகளில் ஒன்று முறிந்திருக்கும்.

திறந்தவுடன் செய்ய வேண்டியது

பின்பக்க மூடியின் ஸ்குரூக்களைக் கழற்றியதும் எதையும் தொடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டாரின் மேல் வெள்ளைத் தடம் உண்டா, கப்ளிங்கில் துரு உண்டா, தரையில் பழுப்புக் கறை உண்டா என்று கவனியுங்கள். பிறகு மோட்டாரின் மேலும் அடியிலும் பழைய செய்தித்தாளை விரித்து, பிளக் வெளியே இருக்கும் நிலையிலேயே, டிரையர் கூடைக்குள் ஒரு சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கூடையைக் கையால் நான்கைந்து முறை சுழற்றி, பத்து நிமிடம் காத்திருங்கள். தாளில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் சீல் போய்விட்டது என்று பொருள்; அப்போது நீங்கள் வேறு எதைச் சரிசெய்தாலும் சீலையும் மாற்றியே ஆக வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதிய மோட்டார் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

கண்டன்சர்

மின்விசிறியில் உள்ள கண்டன்சரைப் போன்றதுதான் இதுவும். உறுமும் டிரையர்களில் நான் கண்ட வரையில் இதுவே முதலில் சந்தேகிக்க வேண்டிய பாகம். சில இயந்திரங்களில் துவைக்கும் மோட்டாருக்கும் டிரையருக்கும் தனித்தனியாக இருக்கும். சிலவற்றில் ஒரே கூட்டுக்குள் இரண்டு அளவுகள் சேர்ந்திருக்கும். டிரையருக்கு உரியது பொதுவாக 4 முதல் 6 மைக்ரோஃபேரட்டுக்குள் இருக்கும். துவைக்கும் மோட்டாருக்கு உரியது அதைவிடப் பெரியது. மின்சாரம் இல்லாதபோதும் இதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம் என்பதால், தொடுவதற்கு முன் குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் இரண்டு முனைகளிலும் சில வினாடிகள் வைத்து எடுங்கள். ஒயர்களின் காப்பிட்ட பகுதியையே பிடிக்க வேண்டும்.

அதன் பிறகு ஒரு முனையையாவது கழற்றிவிட்டு, கண்டன்சர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் அளவிடுங்கள். 5 என்று அச்சிடப்பட்டிருப்பது 4.8 என்று வந்தால் குறையில்லை. 4 என்றோ 3 என்றோ வந்தால் மாற்றிவிடுங்கள். வயிறு உப்பியிருந்தாலும், எண்ணெய் கசிந்திருந்தாலும் அளவே பார்க்க வேண்டியதில்லை. புதியது வாங்கும்போது மைக்ரோஃபேரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு பழையதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது 440 வோல்ட்டாக இருக்கும். 'கூடுதலாகப் போட்டால் வேகமாகச் சுற்றும்' என்ற பேச்சைக் கேட்டுப் பெரிய அளவைப் போட்டால் மோட்டார் சூடேறிக் கெடும்.

மூடி சுவிட்ச், டைமர், ஒயர்

கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றினால் மூடி சுவிட்சும் டைமரும் அடுத்தடுத்து இருக்கும். மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, மூடி சுவிட்சின் ஒயர்களைக் கழற்றி, இரண்டு முனைகளிலும் வையுங்கள். நெம்புகோலை அழுத்தும்போது ஒலிக்க வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். தகடுகளுக்கிடையே எறும்போ பல்லியோ செத்துக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். தூரிகையால் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும். டைமரைத் திருப்பி வைத்து அவ்வாறே சோதிக்கலாம். டைமரின் தகடு கருகியிருந்தால் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

எலி கடித்த ஒயரைக் கண்டால் மேலே டேப் மட்டும் சுற்றிவிட்டு விடாதீர்கள். கடிபட்ட பகுதியை வெட்டியெடுத்து, புதிய ஒயரை முறையான இணைப்பியால் இணைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். கேழ்வரகு, நிலக்கடலை மூட்டை வைத்திருக்கும் வீடுகளில் எலி வருவதைத் தடுக்க முடியாது. இயந்திரத்தின் அடிப்பகுதி மூடியைத் தொலைத்துவிடாமல் இருப்பதே காப்பு.

பிரேக்

மூடியைத் திறந்து மூடியபடி பிரேக்கைப் பாருங்கள். மூடியிருக்கும்போது பிரேக் கட்டைக்கும் கப்ளிங்குக்கும் இடையே இடைவெளி தெரிய வேண்டும்; திறந்தவுடன் கட்டை சென்று பிடிக்க வேண்டும். கம்பி அறுந்திருந்தால் பிரேக் விடுபடவே விடுபடாது, மோட்டார் உறுமும். கம்பி நீண்டு தளர்ந்திருந்தால் கட்டை உரசிக்கொண்டே ஓடி, ரப்பர் கருகும் நெடி வரும். கம்பி அளவுக்கு மேல் இறுக்கமாக இருந்தாலோ ஸ்பிரிங் முறிந்திருந்தாலோ, மூடியைத் திறந்த பிறகும் கூடை சுழன்றுகொண்டேயிருக்கும். மூடியைத் திறந்து 15 வினாடிக்குள் கூடை நிற்கவில்லையென்றால் அதைச் சரிசெய்யும் வரை இயந்திரத்தை ஓட்டக்கூடாது. புதிய கம்பியைப் பழையதன் நீளத்தோடு ஒப்பிட்டு வாங்கி, கொக்கியை மாட்டிய பிறகு மேற்சொன்ன இரண்டு நிலைகளையும் மீண்டும் பாருங்கள். கிறீச்சிடுகிறது என்பதற்காகப் பிரேக் கட்டையில் எண்ணெய் விட்டுவிடாதீர்கள்.

சீல் மாற்றுவது

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிய பிறகு இரு மாவட்டங்களிலும் பல ஊர்களில் குடிக்கக் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் துணி துவைப்பதற்குப் பல வீடுகளில் இன்றும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். நம் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசும்போது ஃபுளோரைடு முதலில் நினைவுக்கு வரும். அது பல்லையும் எலும்பையும் பாதிப்பது. இயந்திரத்தில் வெள்ளையாகப் படிவதற்கு அது காரணமன்று. அந்தப் படிவுக்குக் காரணம் கடினத்தன்மையைத் தரும் கால்சியமும் மக்னீசியமும். தண்டின் மேல் படிந்து காய்ந்த இந்த உப்பு, ஒவ்வொரு சுழற்சியிலும் உப்புத்தாளைப் போலச் சீலின் மெல்லிய உதட்டைத் தேய்த்துக்கொண்டேயிருக்கிறது. சமமில்லாமல் அடுக்கிய துணி தண்டை ஆட்டும்போது தேய்ந்த உதடு கிழிகிறது. அதன் வழியே இறங்கும் தண்ணீர் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ்ஷைத் துருப்பிடிக்க வைத்து, பிறகு சுற்றுக்குள் நுழைகிறது. சிறிய ரப்பர் ஒன்றுக்காக, அதைப் போல் பல மடங்கு விலையுள்ள மோட்டார் பலியாகிறது.

கடைகளில் 'டிரையர் சீல்' அல்லது 'பெல்லோஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மாடலுக்கு மாடல் அளவு மாறுவதால், பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப்போவதே சரியான வழி. கழற்றும் முறை இது. டிரையரின் மேல்வளையத்தில் ஸ்குரூக்கள் இருந்தால் அவற்றை நீக்கி வளையத்தை எடுத்துவிடுங்கள். பின்பக்கமாகக் கையை விட்டு, கப்ளிங்கில் உள்ள போல்ட்டைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதன் பூட்டு நட்டைத் தளர்த்தி, பிறகு போல்ட்டை மூன்று நான்கு சுற்று வெளியே எடுத்தால் போதும். இப்போது கூடையை நேராக மேலே தூக்கினால் தண்டோடு வர வேண்டும். பல ஆண்டு ஓடிய இயந்திரத்தில் துரு பிடித்து அசையாமல் நிற்கும். அதற்காகக் கூடையைச் சுத்தியால் தட்டினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயைக் கப்ளிங்கில் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, கூடையை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே தூக்குங்கள். பொறுமைதான் இங்கே முக்கியமான கருவி.

கூடை வெளியே வந்ததும் தண்டை ஆராயுங்கள். வெள்ளைப் படிவை எலுமிச்சை உப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, தேவைப்பட்டால் மிக நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டால், அந்தத் தண்டு புதிய சீலையும் சில மாதங்களில் அறுத்துவிடும். தண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை. பிறகு வெளித்தொட்டியின் அடியில் சீல் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில் பற்களில் மாட்டித் திருகப்பட்டிருக்கும். சிலவற்றில் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். அது அமர்ந்திருந்த இடத்திலுள்ள சோப்புக் கசடை முழுவதும் சுரண்டியெடுங்கள். ஒரு சிறு கட்டி மிஞ்சினாலும் அதன் வழியே தண்ணீர் கசியும்.

புதிய சீலின் வெளிவிளிம்பைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, சுற்றிலும் ஒரே அளவாக அழுத்தி அமர்த்துங்கள். உள்உதட்டில் சிலிக்கான் கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெயோ வண்டிகளுக்கான எண்ணெயோ வேண்டாம். கூடையை இறக்கும்போது தண்டிலுள்ள குழி, கப்ளிங்கின் போல்ட்டுக்கு நேராக வர வேண்டும். போல்ட்டின் நுனி குழிக்குள் அமர்ந்ததைக் கையால் உணர்ந்த பிறகு இறுக்கி, பூட்டு நட்டையும் இறுக்குங்கள். குழி தவறிப் போல்ட் தண்டின் மேல் நின்றுவிட்டால், கூடை வேகமெடுக்கும்போது நழுவிக் கழன்றுகொள்ளும்.

மோட்டார்

மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் கழற்றி, இரண்டிரண்டாக ஓமில் அளவிடுங்கள். மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். பொது ஒயரோடு (இரண்டு சுற்றுகளும் சேரும் ஒயர்) சேர்த்து அளக்கும் இரண்டிலும் எண் வராமல் போனால் உள்ளேயுள்ள வெப்பக் காப்பு ஃபியூஸ் அறுந்திருக்கலாம். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்தச் சுற்று அறுந்திருக்கிறது. எந்த ஒயருக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே அளவு காட்டினால் மின்கசிவு உள்ளது. அந்த மோட்டாரை மறுபடியும் ஓட்டக்கூடாது. அளவுகள் சரியாக இருந்தும் தண்டு கையால் திருப்ப இறுக்கமாக இருந்தால் புஷ் துருவேறிவிட்டது. சுற்றுக் கட்டுவது வீட்டில் செய்யும் வேலையன்று. புதிய மோட்டாரில் கண்டன்சர் இணைப்பு மாறிவிட்டால் எதிர்த்திசையில் சுழலும் என்பதால், எடுத்துவைத்த படத்தைப் பார்த்தே இணையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

பின்பக்க மூடியைப் பொருத்துவதற்கு முன், செய்தித்தாள் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். தாள் உலர்ந்தேயிருந்தால் அதை எடுத்துவிட்டு, மூடியைப் பொருத்தி, எல்லா ஸ்குரூக்களையும் இட்ட பிறகே பிளக்கைச் செருகுங்கள். கூடையை வெறுமையாக ஒரு நிமிடம் ஓட்டி, மூடியைத் திறந்து, நிற்கும் நேரத்தை எண்ணுங்கள். பிறகு நான்கு ஈரத் துண்டுகளைச் சமமாக அடுக்கி, துளைத் தட்டை வைத்து, டைமர் முடியும் வரை ஓட்டுங்கள். நெடியோ உரசலோ இல்லாமல் ஓடி நின்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தின் அடித்தரையை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால் இயந்திரத்தைச் சுவரோரம் நகர்த்தி வைக்கலாம்.